ஆய்வுகூடத்தில் ஊதிய மூச்சு

ஒன்பதாம் வகுப்பில், நமது கல்லூரியின் இரசாயன ஆய்வுகூடத்தில், தெளிந்த சுண்ணாம்பு நீருக்குள் கண்ணாடிக் குழாயால் ஊதும்படி ஆசிரியர் என்னை முன்னே அழைத்தார். நீர் பால்போல் வெளுத்ததும் நான் குழாயை எடுக்கப் போனேன். "நிப்பாட்டாதை, இன்னும் ஊது" என்றார். மூச்சு முட்ட ஊதிய பின் வெண்மை கரைந்து நீர் மறுபடி தெளிந்தது. அதையே அவர் கொதிக்க வைத்தபோது மீண்டும் கலங்கியது. வீட்டுக் கேத்திலின் அடியில் கல்லாகப் படிவதும் இதுவே என்று அவர் சொன்னது நினைவிருக்கிறது.

சிட்னியில் குடியேறிப் பல ஆண்டுகள் கழித்து, நீலமலைக்கு மேற்கேயுள்ள ஜெனோலன் சுண்ணக்கற் குகைகளுக்குள் நின்றபோதுதான் அந்தச் சோதனைக் குழாயின் பெருமை எனக்கு முழுமையாக விளங்கியது. மழைநீர் மண்ணினூடாக இறங்குகையில், வேர்களும் நுண்ணுயிர்களும் விடும், நமது மூச்சிலும் உள்ள அதே காபனீரொட்சைட்டை ஏற்று மென்னமிலமாகி, பாறையை நீரில் கரையும் கல்சியம் இருகாபனேற்றாகக் கரைத்துச் சுமந்து வருகிறது. குகைக் கூரையில் துளியாகத் தொங்கும்போது அந்த வாயு காற்றோடு கலந்துவிட, சுமக்க முடியாத சுண்ணாம்பு கல்சைற்று என்னும் கனிமமாகப் படிகிறது. நீர் ஆவியாவதால்தான் கல் மிஞ்சுகிறது என்று அதுவரை நம்பியிருந்தேன். ஈரம் நிறைந்த அந்தக் குகையின் ஆழத்தில் ஆவியாவது மிகச் சொற்பமே.

துளியின் விளிம்பில் படியும் மெல்லிய வளையங்கள் ஒன்றன்கீழ் ஒன்றாகச் சேர்ந்து, உள்ளே துளையுள்ள வைக்கோல் தாள்போல் நீள்கின்றன. துளை அடைபட்டால் நீர் வெளிப்புறமாக வழிந்து அது தடித்த கல்விழுதாகிறது. கீழே விழும் துளி கல்முளையை எழுப்புகிறது. செந்நிறமும் மஞ்சளும் பெரும்பாலும் இரும்புச் சேர்மங்கள் தந்தவை. என்னை நெடுநேரம் நிறுத்தியவை, புவியீர்ப்பையே பொருட்படுத்தாமல் பக்கவாட்டிலும் மேல்நோக்கியும் சுருண்டு வளர்ந்திருந்த மெல்லிய கற்கொடிகள். மயிரிழை போன்ற நுண்துளை வழியே கசியும் நீர் துளியாகத் திரண்டு விழாமல் நுனியிலேயே படிவதால் அவை விரும்பிய திசையில் வளர்கின்றன. அங்கே கண்ட அரகோனைற்று என்னும் கனிமத்தின் ஊசிகளும் கல்சைற்றின் அதே கல்சியம் காபனேற்றுத்தான். நீரில் மக்னீசியம் மிகுந்தால் கல்சைற்றின் வளர்ச்சி தடைப்பட்டு, அணுக்கள் வேறு ஒழுங்கில் அமைகின்றன.

அங்குள்ள சில களிமண் படிவுகள் ஏறத்தாழ 34 கோடி ஆண்டு பழைமையானவை என 2006இல் ஆய்வாளர்கள் அறிவித்தனர். நமது யாழ்ப்பாணச் சுண்ணக்கல் அதற்கு மிக இளையது. ஆயினும் அதே மென்னமிலம் அதையும் குடைந்தே வருகிறது. மாணவராக நாம் எட்டிப் பார்த்த புத்தூர் நிலாவரைக் கிணறு, அவ்வாறு குடையப்பட்டுக் கூரை இடிந்த ஒரு நிலக்கீழ் வெளி. கூரை எஞ்சியிருந்தால் அதிலும் துளிகள் தொங்கியிருக்கும்.