சேலத்துக் கல்லில் உருண்டை: இதுவரை செய்து பார்த்தது

கல் உருண்டை சேர்க்கிறேன் என்று சொன்னதும் பலரும் கேட்பது ராசிக்கல்லா, வாஸ்துவா என்றுதான். எனக்குப் பாறையைப் பார்ப்பது பிடிக்கும், அதற்காகத்தான் சேர்க்கிறேன். பலகையாக அறுத்துப் பாலிஷ் போட்ட கல்லில் ஒரு வெட்டுமுகம் மட்டும் தெரியும். உருண்டையாக்கிவிட்டால் உள்ளே ஓடுகிற வரி எங்கிருந்து கிளம்பி எந்தப் பக்கம் சாய்ந்து எங்கே போய் மறைகிறது என்பதெல்லாம் கையில் திருப்பத் திருப்பப் புரியும். பட்டை பட்டையாக இருக்கிற கல் என்றால் இது இன்னும் அழகு. நடுவயிற்றில் நேர்கோடாகப் போகிற பட்டைகள், தலைப்பக்கமும் அடிப்பக்கமும் வட்டத்துக்குள் வட்டமாக மாறிக் கண் மாதிரி நிற்கும். கல் ஒன்றுதான், பார்க்கிற இடம்தான் மாறுகிறது.

மடகாஸ்கர் லாப்ரடோரைட், குஜராத்தில் காம்பாத் பக்கம் பட்டை தீட்டி வருகிற அகேட் எல்லாம் என்னிடமும் உண்டு, நீல ஒளி அடிக்கிற லாப்ரடோரைட்டை யாருக்குத்தான் பிடிக்காது. ஆனால் அலமாரியின் நடுத்தட்டில் சேலத்துக் கல் மட்டும்தான் இருக்க வேண்டும் என்று முடிவு செய்திருக்கிறேன். பாறை விஷயத்தில் இவ்வளவு வகை ஒரே ஊரைச் சுற்றிக் கிடைப்பது சாதாரணமில்லை. மேற்கே கஞ்சமலையில் இரும்புக்கல், வடக்கே வெள்ளைக்கல், ஏற்காட்டு மலை முழுக்கச் சார்னோகைட் என்கிற கரும்பச்சைப் பாறை, கல்சட்டிக்குப் பேர்போன மாக்கல் வேறு. இத்தனையையும் வைத்துக்கொண்டு பிரேசில் கல்லைத் தேடி ஓடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

முதலில் மாக்கல். நகத்தால் கீறினாலே கோடு விழுகிற அளவுக்கு மென்மையான கல், அதனால் மிஷின் எதுவும் வேண்டாம், கையாலேயே உருண்டை செய்யலாம். கல்சட்டி செய்கிறவர்களிடம் உடைந்த துண்டு கேட்டால் கிடைக்கும். கனசதுரமாக அறுத்துக்கொண்டு, விளிம்பை எல்லாம் அரத்தால் சீவி, பிறகு ஒரு பைப் துண்டின் வாயில் வைத்து ஈரத்தோடு எல்லாப் பக்கமும் திருப்பித் திருப்பித் தேய்க்க வேண்டும். இந்தப் பைப்தான் மொத்த வேலைக்கும் உயிர். உருண்டையை எங்கே தட்டையாக வெட்டினாலும் கிடைப்பது வட்டம்தானே, அதனால் வட்டமான பைப் வாய் கல்லின் மேல் எந்த இடத்தில் உட்கார்ந்தாலும் சுற்றிலும் இடைவெளி இல்லாமல் பொருந்தினால் அது உருண்டை. மேடு இருந்தால் மேட்டை மட்டும் பைப் தின்னும். வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பைப் விளிம்பில் கீற்று தெரிகிறதா என்று பார்த்தால் போதும், எங்கே இன்னும் தேய்க்க வேண்டும் என்று தெரிந்துவிடும். ஒன்று மட்டும் கறாராகச் சொல்கிறேன், எந்தக் கல்லாக இருந்தாலும் உலர்வாக அறுக்காதீர்கள், தேய்க்காதீர்கள். கல் தூசி நுரையீரலில் போய் உட்கார்ந்தால் திரும்ப வராது, சிலிகோசிஸ் என்பது கல்லுடைக்கிற தொழிலாளிகள் உயிரைக் கொடுத்துத் தெரிந்துகொண்ட நோய். எப்போதும் தண்ணீர் விட்டுத்தான் வேலை, முகமூடியும் கட்டாயம்.

அப்புறம் கஞ்சமலைக் கல். மலையில் போய் உடைத்து எடுத்துவரக் கூடாது, அதற்குத் தேவையும் இல்லை. அடிவாரத்து நிலங்களில் உழவு ஓட்டும்போது மேலே வருகிற கறுப்புக் கல்லைப் பொறுக்கி வரப்பில் குவித்து வைத்திருப்பார்கள். நான் கேட்டபோது அந்தத் தோட்டத்து அம்மா, "ஏங் கண்ணு, இதைக் கொண்டுபோயிக் கொட்ட எடமில்லாம கெடக்கறோம், நீ கேட்டு வாங்கிட்டுப் போற, வேணுங்கறத அள்ளிக்கோ" என்றார்கள். தூக்கினால் அளவுக்கு மீறிய கனம், காந்தத்தைக் கிட்டே கொண்டுபோனால் டக்கென்று ஒட்டும். மேக்னடைட் என்கிற இரும்புத் தாது ஒரு பட்டை, குவார்ட்ஸ் ஒரு பட்டை என்று மாறி மாறிப் படிந்த கல் இது. 1830களில் ஹீத் என்ற வெள்ளைக்காரர் பரங்கிப்பேட்டையில் இரும்பு உருக்கியது சேலம் தாதுவை வைத்துத்தான். இன்று மலைக்குப் பக்கத்திலேயே உருக்காலை இருக்கிறது, ஆனால் அங்கே தயாராவது ஸ்டெயின்லெஸ் ஸ்டீல், இந்த மலைக் கல்லை அதற்கு எடுப்பதில்லை.

இது மாக்கல் மாதிரி கைக்கு அடங்காது. கிரானைட் பட்டறையில் கட்டிங் மிஷினில் கனசதுரமாக அறுத்து வாங்கினேன். "தம்பி, இதுக்கு பிளேடு தேஞ்சுரும், கிரானைட் ரேட்டுக்கு வராது" என்றார் அங்கிருந்த மேஸ்திரி, அது நியாயம்தான், கூடுதலாகக் கேட்டதைக் கொடுத்தேன். அறுப்பதற்கு ஒரு கணக்கு இருக்கிறது. 10 செ.மீ. கனசதுரம் என்றால் ஒவ்வொரு விளிம்பிலிருந்தும் இரண்டு பக்கமும் 2.9 செ.மீ. தள்ளிக் கோடு போட்டு அந்த விளிம்பைச் சாய்வாக வெட்டிவிட வேண்டும். பன்னிரண்டு விளிம்பும் போனால் 18 முகம். எட்டு மூலையையும் வெட்டினால் 26 முகம். அந்த நிலையிலேயே தூரத்திலிருந்து பார்த்தால் உருண்டை போலத்தான் இருக்கும். இதை ஒழுங்காகச் செய்தால், அடுத்து உருண்டையாக்குகிற மிஷினில் பாதி வேலை மிச்சம். கோணல்மாணலான துண்டை அப்படியே போட்டால் மிஷினின் பைப் கிண்ணம் அதன் மேல் குதித்துக்கொண்டே இருக்கும், கடைசிவரை முட்டை வடிவம் போகாது.

உருண்டையாக்குகிற மிஷின் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று கியர் மோட்டார், ஒவ்வொன்றின் முனையிலும் கிண்ணம் மாதிரி ஒரு ஜி.ஐ. பைப் துண்டு, மூன்றும் நடுவில் இருக்கிற கல்லை மூன்று பக்கத்திலிருந்து ஸ்பிரிங் அழுத்தத்தில் பிடித்துச் சுற்றும். கல் தானாகவே ஏதாவது ஒரு பக்கம் உருண்டுகொண்டே இருக்கும், ஒரே அச்சில் சுற்ற விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பைப்பின் விட்டம் கல்லின் விட்டத்தில் முக்கால் பங்கு இருந்தால் நன்றாகப் பிடிக்கிறது. கார்போரண்டம் என்கிற தேய்ப்புப் பொடியைத் தண்ணீரில் குழைத்து 80ஆம் நம்பரில் ஆரம்பித்து 220, 400, 800, 1200 என்று ஏறிப் போக வேண்டும், நம்பர் ஏற ஏறப் பொடி நைசாகும். 80இல்தான் உருவம் வருகிறது, மற்றதெல்லாம் முன்னால் விழுந்த கீறலை அழிக்கிற வேலை. ஒவ்வொரு கட்டமும் முடிந்ததும் கல், கிண்ணம், தட்டு, கை எல்லாவற்றையும் கழுவ வேண்டும், 80 பொடியில் ஒரு துகள் அடுத்த கட்டத்துக்குள் நுழைந்தாலும் பளபளப்புக்கு நடுவே நீளமாக ஒரு கோடு நிற்கும். கடைசியாகக் கிண்ணத்தின் வாயில் தோல் ஒட்டிச் சீரியம் ஆக்சைடு. கண்ணாடி பாலிஷ் போடுகிறவர்கள் பயன்படுத்துகிற அதே பொடிதான்.

கஞ்சமலைக் கல்லில் அந்தக் கடைசிக் கட்டத்தைப் பார்ப்பதற்காகவே இந்த வேலையைச் செய்யலாம். 800 வரைக்கும் வெறும் சாம்பல் கல்தான், மந்தமாக இருக்கும். சீரியம் ஏற ஏற மேக்னடைட் பட்டை உலோகமாக மாறிவிடுகிறது, எஃகுக் கண்ணாடி மாதிரி ஜன்னல் வெளிச்சத்தைத் திருப்பி அடிக்கும், பக்கத்திலேயே குவார்ட்ஸ் பட்டை மங்கலாக, உள்ளே பனி உறைந்தது போல நிற்கும். ஒரு இடத்தில் பட்டைகள் மடங்கி, கொண்டை ஊசி வளைவு போட்டுத் திரும்பி வருகின்றன. பூமிக்குள் இந்தக் கல் சூட்டில் இளகி நெளிந்தபோது விழுந்த மடிப்பு அது. பலகையாக அறுத்திருந்தால் அந்த மடிப்பின் ஒரு குறுக்குவெட்டு தெரிந்திருக்கும், உருண்டையில் மடிப்பின் முதுகு, பக்கம், முனை எல்லாம் கிடைத்தது. 7 செ.மீ. உருண்டை 630 கிராம் வருகிறது, அதே அளவு சார்னோகைட் 485 கிராம்தான். வீட்டுக்கு வருகிறவர்கள் கையில் இரண்டையும் ஒரே நேரத்தில் கொடுத்துவிடுவேன், அதற்கு மேல் விளக்கம் தேவைப்படுவதில்லை. இரும்பு என்பதால் வேலை முடிந்ததும் ஈரம் இல்லாமல் துடைத்து மெல்லிசாக மெழுகு தடவி வைக்க வேண்டும்.

சார்னோகைட் எனக்கு மலையிலிருந்தே வந்தது. ஏற்காட்டில் உறவுக்காரர் வீட்டுக்குக் கடைக்கால் தோண்டியபோது எடுத்துப் போட்ட கல். அங்கே காட்டுக்குள் கல் பொறுக்காதீர்கள், காப்புக்காடு, தோண்டுகிற இடங்களில் கேட்டாலே போதும் போதும் என்கிற அளவுக்குக் கிடைக்கும். இந்தக் கல்லுக்குப் பெயர் வந்த கதை பலருக்குத் தெரியாது. கல்கத்தாவில் இருக்கிற, கிழக்கிந்தியக் கம்பெனிக்காரரான ஜாப் சார்னாக்கின் கல்லறைக் கல் சென்னைப் பக்கத்துப் பாறையில் செய்தது, அதை வைத்து 1893இல் தாமஸ் ஹாலந்து என்ற நிலவியலாளர் சார்னோகைட் என்று பெயரிட்டார். பல்லாவரத்துப் பாறையும் நம் சேர்வராயன் மலைப் பாறையும் ஒரே இனம். சுமார் 250 கோடி ஆண்டு வயசு. வெளியே காய்ந்து பழுப்பேறிக் கிடக்கும்போது ஒன்றும் தெரியாது, அறுத்தால் உள்ளே எண்ணெய் தடவினாற்போல ஒரு கரும்பச்சை. பாலிஷ் ஏறியதும் அந்த எண்ணெய்ப் பசை இன்னும் ஆழமாகிறது, வெயிலில் பிடித்தால் குவார்ட்ஸ் மணிகளில் லேசாக நீலம் தட்டுகிறது. ஏற்காடு போகிறவர்கள் மலைச்சரிவில் பெரிய பெரிய உருண்டைப் பாறைகளைப் பார்த்திருப்பீர்கள். விரிசல்களில் தண்ணீர் இறங்கி, மூலைகள் முதலில் கரைந்து, வெங்காயத் தோல் போல உரிந்து உரிந்து உருளையானவை. 26 முகம் வெட்டி நான் செய்கிற வேலையை மழையே செய்திருக்கிறது என்று அந்தப் பாறைகளைப் பார்க்கும்போதெல்லாம் நினைத்துக்கொள்வேன்.

வெள்ளைக்கல் என்கிற மேக்னசைட் வேறு மாதிரி. உலைக்குள் அடுக்குகிற செங்கல் செய்யப் போகிற கல், ஆனால் உருண்டைக்கு அவ்வளவு சுலபமாக இடம் கொடுக்காது. பளபளப்பு வராது, முட்டை ஓடு மாதிரி மிருதுவான ஒரு மினுக்கம்தான் வரும், எனக்கு அதுவே பிடித்திருக்கிறது. நுண்துளை இருப்பதால் எதையும் உறிஞ்சும். மஞ்சள் கை பட்டால் கறை, எண்ணெய் பட்டால் பழுப்பு. இந்தக் குணத்தை வைத்துத்தான் வியாபாரத்தில் மேக்னசைட்டுக்கு நீலச் சாயம் ஏற்றிப் பேரோசா (டர்க்காய்ஸ்) என்று விற்கிறார்கள். நீல உருண்டை வாங்குவதாக இருந்தால் பஞ்சில் நெயில் பாலிஷ் ரிமூவர் தொட்டு அடிப்பக்கம் ஒரு ஓரத்தில் துடைத்துப் பாருங்கள், பஞ்சில் நீலம் ஏறினால் சாயம்தான்.

வாங்குகிற விஷயத்தில் இன்னொன்று ஸ்படிகம், அதாவது தெளிவான குவார்ட்ஸ். சுற்றுலா ஊர்க் கடைகளில் ஸ்படிக உருண்டை என்று வருவதில் நிறைய கண்ணாடி. ஒரு சமையலறைத் தராசு போதும். 6 செ.மீ. விட்டம் என்றால் அசல் குவார்ட்ஸ் 300 கிராம் இருக்கும், சாதாரணக் கண்ணாடி 283 பக்கம் நிற்கும். விட்டத்தை வெர்னியர் அளவுகோலில் சரியாக அளக்க வேண்டும், கொஞ்சம் பிசகினாலும் கணக்கு மாறிவிடும். அது முடியாவிட்டால் ஒரு தலைமுடியைக் காகிதத்தில் வைத்து உருண்டை வழியாகப் பார்த்துக்கொண்டே உருண்டையைத் திருப்புங்கள். குவார்ட்ஸ் என்றால் சில கோணங்களில் முடி இரண்டாகத் தெரியும், கண்ணாடியில் எப்படித் திருப்பினாலும் ஒன்றுதான். அசலோ போலியோ, தெளிவான உருண்டையை வெயில் விழுகிற ஜன்னலில் வைக்கவே கூடாது, வெயிலைக் குவித்துத் திரைச்சீலையைப் பற்றவைத்துவிடும்.

பார்வைக்கு வைப்பதில்தான் நான் அதிக நேரம் செலவழித்திருக்கிறேன். உருண்டை சும்மா நிற்காதே. பானைக்குப் பிரிமனை வைக்கிற மாதிரி ஒரு வளையம் வேண்டும், அதன் உள்விட்டம் உருண்டையின் விட்டத்தில் பாதி இருந்தால் பார்க்கவும் அளவாக இருக்கும், அசையவும் அசையாது. 8 செ.மீ. உருண்டையை 4 செ.மீ. வளையத்தில் வைத்தால் அடிவயிறு அரை செ.மீ.க்குக் கொஞ்சம் கூடுதலாகக் கீழே இறங்கும், அதனால் வளையம் குறைந்தது 6 மி.மீ. உயரம் இருக்க வேண்டும். குழந்தைகள் வளையலில் நான்கைந்தை ஒட்டினால் வேலை முடிந்தது. பெரியவர்கள் போடுகிற இரண்டு நாலு சைஸ் வளையல் என்றால் உருண்டை 12 மி.மீ. இறங்கிவிடும், அதற்கேற்ப அடுக்க வேண்டும். இப்போது கடைசல் பட்டறையில் வேப்ப மரத்தில் கடைந்து வாங்குகிறேன், உள் விளிம்பை மட்டும் சாய்வாக எடுக்கச் சொல்வேன், அப்போதுதான் கல்லில் மரம் முழுதாகப் படியும்.

வெளிச்சம் மேலேயிருந்து நேராக அடித்தால் எல்லா உருண்டையிலும் ஒரே வெள்ளைப் புள்ளிதான் மின்னும், கல் தெரியாது. பக்கவாட்டிலிருந்து, கொஞ்சம் பின்னால் தள்ளி, மஞ்சள் எல்.இ.டி. வைத்தால் சார்னோகைட்டின் பச்சை எழுந்து வருகிறது. அலமாரிக்குக் கண்ணாடித் தட்டு வேண்டாம், கனம் தாங்காது. விட்டம் இரண்டு மடங்கானால் எடை எட்டு மடங்கு என்பது சுலபமாக மறந்துபோகும். 8 செ.மீ.யில் முக்கால் கிலோவுக்குக் குறைவாக இருக்கிற கல் 16 செ.மீ.யில் கிட்டத்தட்ட ஆறு கிலோ.

இப்போது மிஷினில் இருப்பது டூனைட், வெள்ளைக்கல் ஓடுகிற தாய்ப்பாறை. பச்சை கலந்த பழுப்பில் வெள்ளை நரம்பு வலைப்பின்னலாக ஓடுகிறது. நரம்பு மென்மை, பாறை கடினம், அதனால் நரம்பு பள்ளமாகத் தேய்ந்துபோகப் பார்க்கிறது. அழுத்தத்தைக் குறைத்து 400இலேயே நிறைய நேரம் ஓட்டுகிறேன், இதுவரை பள்ளம் கைக்குத் தட்டுப்படவில்லை. இது நல்லபடி முடிந்தால் அடுத்து நாமக்கல் பக்கம் சித்தம்பூண்டி அனார்த்தசைட், சந்திரயான்-2க்காக நிலவு மண் மாதிரி செய்ய இஸ்ரோ எடுத்துப்போன வெள்ளைப் பாறை. அதில் சில துண்டுகளில் சிவப்புக் குருந்தக்கல் மணிகள் இருக்கும், அதற்குக் கார்போரண்டம் சரியாகப் பிடிக்காது, வைரப் பொடிதான் வேண்டும். பொடி விலையை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். குருந்தம் இல்லாத துண்டு யாரிடமாவது, பட்டா நிலத்தில் கிடைத்ததாக, 10 செ.மீ.க்கு மேல் விரிசல் இல்லாமல் இருந்தால் சொல்லுங்கள், அதில் முதலில் பழகிக்கொள்கிறேன்.