40 பேருக்கும் ஒரே இடத்துல இருந்து டெஸ்க்டாப்: நாங்க செட்டப் போட்ட அனுபவம்

எங்க ஆபீஸ்ல 40 பேர். ஒவ்வொருத்தர் மெஷின்லயும் அக்கவுண்டிங் சாஃப்ட்வேர் தனித்தனியா இருந்துச்சு. ஒரு அப்டேட் வந்தா 40 சீட்டுக்கும் போய்ப் போய் போடணும், அதுல ரெண்டு மூணு விட்டுப் போகும், மறுநாள் காலைல ஃபைல் திறக்கலன்னு போன் வரும். இதுக்கு ஒரு முடிவு கட்டணும்னுதான் எல்லாத்தையும் சர்வர்ல வெச்சிடலாம்னு இறங்குனோம். இதே வேலைய ஆரம்பிக்கப் போறவங்களுக்கு உதவும்னு எழுதுறேன்.

விண்டோஸ் சர்வர்ல சும்மா ரிமோட் டெஸ்க்டாப்ப (தூரத்துல இருந்தே அந்த மெஷினோட திரையில வேலை பாக்குற வசதி) ஆன் பண்ணா ஒரே நேரத்துல 2 பேர்தான் உள்ள வர முடியும், அதுவும் அட்மின் வேலைக்கு மட்டும். 40 பேர் வரணும்னா ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்ங்கற ரோல், அதாவது சர்வர்ல சேத்துக்கற வசதித் தொகுப்பு, போடணும். அதுல செஷன் ஹோஸ்ட்தான் ஆளுங்க உக்காந்து வேலை பாக்குற இடம், புரோக்கர் யார எந்த ஹோஸ்ட்டுக்கு அனுப்பணும்னு பாத்துக்கும், வெளிய இருந்து வர்றவங்களுக்கு கேட்வே, அப்புறம் பிரவுசர் வழியா நுழைய வெப் ஆக்சஸ், லைசென்ஸ் கணக்கு பாக்க லைசென்சிங். நாங்க 2 செஷன் ஹோஸ்ட் வெச்சோம், ஒண்ணு படுத்தாலும் இன்னொண்ணு ஓடும்னு. டொமைன் (எல்லா யூசரையும் மெஷினையும் ஒரே இடத்துல நிர்வகிக்கற விண்டோஸ் நெட்வொர்க்) ஏற்கனவே இருந்ததால விசார்ட் வெச்சு இன்ஸ்டால் பண்றது அரை நாள் வேலை, அவ்ளோதான்.

கேட்வே எதுக்கு, ரவுட்டர்ல ரிமோட் டெஸ்க்டாப்போட 3389 போர்ட்ட திறந்து விட்டா போதுமேன்னு எங்க டீம்லயே ஒருத்தர் கேட்டாரு. தயவு செஞ்சு அத மட்டும் பண்ணாதீங்க. அந்த போர்ட் வெளிய தெரிஞ்சா பாஸ்வேர்ட மாத்தி மாத்தி அடிச்சுப் பாக்குற ஸ்கிரிப்ட் எல்லாம் வரிசை கட்டி வந்துடும். 2019 மே மாசம் வெளிய வந்த ப்ளூகீப் ஓட்டைக்கு பாஸ்வேர்டே தேவையில்ல, பேட்ச் போடாத பழைய விண்டோஸ்ல நேரா உள்ள போயிடலாம். கேட்வே வெச்சா எல்லாமே பாதுகாப்பான வெப்சைட்டுங்க பயன்படுத்துற 443 போர்ட் வழியா என்கிரிப்ட் ஆகித்தான் வரும், அதுக்கு முன்னாடி ரெண்டாவது சரிபார்ப்பும் வெச்சுக்கலாம்.

சர்வர் உண்மையானதுதான்னு காட்டுற சர்டிபிகேட்ட 4 இடத்துல போடணும், புரோக்கர்ல மட்டுமே ரெண்டு. எங்க டொமைன் பேரு .local-னு முடியுறதால வெளி சர்டிபிகேட் அந்தப் பேருக்கு கிடைக்காது, அதனால புரோக்கர் வெளிய காட்டுற பேர மாத்த வேண்டியதாச்சு. அது வரைக்கும் ஒவ்வொரு தடவையும் எச்சரிக்கை வரும், எல்லாரும் படிக்காமலே ஓகே அமுக்கிட்டு இருந்தாங்க. அந்தப் பழக்கம் ஒட்டிக்கறதுக்குள்ள சரி பண்ணிடுங்க.

ரொம்ப அடிபட்டது ப்ரொஃபைல்ல, அதாவது ஒவ்வொருத்தரோட டெஸ்க்டாப், ஃபைல், செட்டிங் எல்லாம் இருக்கற இடத்துல. முதல்ல யூசர் ப்ரொஃபைல் டிஸ்க் வெச்சோம், அதாவது ஆளுக்கு ஒரு விர்ச்சுவல் டிஸ்க் ஃபைல், அவங்க எந்த ஹோஸ்ட்ல நுழைஞ்சாலும் அது வந்து ஒட்டிக்கும். ஒரு நாள் ஒரு அக்காவோட பழைய செஷன் ஒரு ஹோஸ்ட்ல தொங்கிட்டு நின்னதால டிஸ்க் லாக் ஆகி, அவங்களுக்கு சைன் அவுட் பண்ணா அழிஞ்சிடற தற்காலிக ப்ரொஃபைல் வந்துடுச்சு. அவங்களுக்கு அது தெரியல, டெஸ்க்டாப்லயே சேவ் பண்ணி ரெண்டு மணி நேரம் வேலை பாத்து சைன் அவுட் பண்ணாங்க, அவ்ளோ வேலையும் அழிஞ்சுது. அவங்ககிட்ட போய் திரும்பக் கிடைக்காதுன்னு சொன்னது எனக்கு இன்னும் கஷ்டமா இருக்கு. அன்னைக்கே எஃப்எஸ்லாஜிக்ஸுக்கு (மைக்ரோசாஃப்ட்டோட ப்ரொஃபைல் டூல், இதுவும் ஆளுக்கு ஒரு டிஸ்க் ஃபைல்தான்) மாறணும்னு முடிவு பண்ணோம், ரிமோட் டெஸ்க்டாப் லைசென்ஸ் இருந்தா அதுக்குத் தனியா காசு கிடையாது. அதுலயும் டிஸ்க் லாக் ஆகலாம், ஆனா ப்ரொஃபைல் ஒட்டலன்னா உள்ளயே விடாதன்னு ஒரு செட்டிங், தற்காலிக ப்ரொஃபைல் குடுக்காதன்னு இன்னொரு செட்டிங், ரெண்டையும் ஆன் பண்ணிடுங்க. உள்ள வர முடியலன்னு ஒரு போன் வர்றது வேலை தொலையறதுக்கு எவ்வளவோ மேல். டிஸ்கனெக்ட் ஆன செஷன் தானா முடியறதுக்கு ஒரு நேரமும் குரூப் பாலிசில (எல்லா மெஷினுக்கும் ஒரே இடத்துல இருந்து செட்டிங் போடற வசதி) வெச்சிடுங்க, நாங்க 2 மணி நேரம் வெச்சோம். டிஸ்க் ஃபைல் இருக்கற நெட்வொர்க் ஃபோல்டர ஆன்டிவைரஸ் ஸ்கேன்ல இருந்து விலக்கவும் மறக்காதீங்க.

அடுத்தது லைசென்ஸ். ரோல் போட்ட நாள்ல இருந்து 120 நாள் சலுகைக் காலம், அது வரைக்கும் எல்லாம் நல்லா ஓடும், அதுதான் ஆபத்து. நாங்க லைசென்ஸ் வாங்கி ஆக்டிவேட்டும் பண்ணியாச்சு, ஆனா எந்த லைசென்ஸ் சர்வர், லைசென்ஸ் ஆளுக்கா மெஷினுக்கான்னு செஷன் ஹோஸ்ட்டுக்கு சொல்லவே இல்ல. 120 நாள் முடிஞ்ச அன்னைக்குக் காலைல ஒருத்தராலயும் நுழைய முடியல. நாங்க ரிமோட் டெஸ்க்டாப்ப /admin ஸ்விட்ச்சோட திறந்து அட்மினா உள்ள போய், குரூப் பாலிசில அந்த 2 செட்டிங்கையும் வெச்சப்புறம்தான் சரியாச்சு. லைசென்சிங் டயக்னோசர்னு ஒரு டூல் இருக்கு, முதல் வாரமே அதத் திறந்து பாத்தா இந்தக் குறை அங்கயே தெரிஞ்சிருக்கும். இன்னொண்ணு, லைசென்ஸ் வெர்ஷன் சர்வர் வெர்ஷனுக்கு சமமாவோ புதுசாவோ இருக்கணும். 2019 லைசென்ஸ் 2022 சர்வருக்கு ஆகாது, 2022 லைசென்ஸ் 2019 சர்வருக்கு ஆகும்.

எல்லாருக்கும் முழு டெஸ்க்டாப் குடுக்கணும்னு இல்ல. பாதிப் பேருக்கு அக்கவுண்டிங் மட்டும் போதும், டெஸ்க்டாப்புக்குள்ள இன்னொரு டெஸ்க்டாப் பாத்து எதுல சேவ் பண்றோம்னே குழம்பிப் போனாங்க, அவங்களுக்கு ரிமோட் ஆப் (அந்த ஒரு சாஃப்ட்வேர் ஜன்னல் மட்டும் வர்ற முறை) குடுத்ததும் சாதாரண சாஃப்ட்வேர் மாதிரியே திறக்குது. பிரிண்டருக்கு, அவங்கவங்க பக்கத்துல இருக்கற பிரிண்டர்லயே அடிக்க விடற ஈசி பிரிண்ட்டே போதுமா இருந்துச்சு.

போன வாரம் அக்கவுண்டிங் அப்டேட் வந்துச்சு. முதல் ஹோஸ்ட்ட டிரெயின் மோடுக்கு (புதுசா யாரையும் உள்ள விடாத நிலை) மாத்தி, உள்ள இருந்தவங்க சாயந்திரம் வெளிய போனதும், இன்ஸ்டால் மோட்ல (எல்லா யூசருக்கும் சேர்த்து சாஃப்ட்வேர் போடற நிலை) வெச்சு அப்டேட் போட்டோம், அடுத்த ஹோஸ்ட்டுக்கும் அன்னைக்கு ராத்திரியே அப்படித்தான். மறுநாள் காலைல அந்த அக்காதான் முதல்ல லாகின் பண்ணாங்க, அவங்க ஃபைல் எல்லாம் அப்படியே இருந்துச்சு.