கப்பல் ஏறுவதற்கு முன்: ஒரு பயண அலுவலகத்தின் நாட்குறிப்பு

ஏப்ரல் 16, 2025, புதன்

மதுரை கீழமாசி வீதியில் மளிகை மொத்த வியாபாரம் செய்யும் அண்ணாச்சி குடும்பத்தோடு அலுவலகத்துக்கு வந்திருந்தார். சித்திரைத் திருவிழா முடிந்து அழகர் மலைக்குத் திரும்பிய பிறகு, பள்ளிக்கூடம் திறப்பதற்குள், சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் சென்று திரும்பும் நான்கு இரவுக் கப்பல் பயணம் போக வேண்டும் என்பது மருமகளின் விருப்பம். "இருக்கிறதிலேயே எது தம்பி சல்லிசு?" என்பதே அண்ணாச்சியின் முதல் கேள்வி.

மலிவானது சன்னல் இல்லாத உள்ளறை. தூங்க மட்டும் அறைக்கு வருகிறவர்களுக்கு அதில் குறையொன்றுமில்லை. அறை கப்பலின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்று பார்க்காமல் விடுவதுதான் பிழை. அலையாட்டம் கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளங்களில் குறைவாகவும், இரு முனைகளிலும் மேல்தளங்களிலும் கூடுதலாகவும் தெரியும். நீச்சல் குளத்துக்கு நேர் கீழே அறை எடுத்தால் விடிவதற்கு முன்பே நாற்காலி இழுக்கும் ஓசையில் எழ நேரும். அண்ணாச்சிக்கு முழங்கால் வலி என்பதால், நடுப்பகுதியில் லிஃப்டுக்குப் பக்கத்து அறைகளைக் குறித்துக் கொடுத்தேன்.

கட்டணம் என்று விளம்பரத்தில் வருவது முழுச் செலவு அன்று. துறைமுக வரிகளும், ஊழியர்களுக்காக ஒவ்வொரு ஆளின் கணக்கிலும் தினந்தோறும் ஏறும் சேவைத் தொகையும், குடிபானங்களும், தனி உணவகங்களும் பின்னால் வந்து சேரும். இவற்றை முதல் நாளே தாளில் எழுதிக் காட்டிவிடுவது என் வழக்கம். அதனால் சிலர் வேறு அலுவலகத்துக்குப் போய்விடுவதும் உண்டு.

ஏப்ரல் 22, செவ்வாய்

பாஸ்போர்ட் நகல்கள் வந்தன. நம் ஊர்க்காரர்களுக்குக் கப்பல் பயணத்தில் வரும் முதல் சிக்கல் கடலில் இல்லை, பெயரில் இருக்கிறது. அண்ணாச்சியின் பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயருக்கான இடம் காலியாக உள்ளது. மகனுடையதில் அவ்விடத்தில் தகப்பனார் பெயர் முழுமையாக இருக்கிறது. மருமகளின் ஆதாரில் முன்னெழுத்து மட்டும், பாஸ்போர்ட்டில் திருமணத்துக்கு முந்தைய பெயர். முன்பதிவுப் படிவமோ குடும்பப் பெயர் இல்லாமல் அடுத்த பக்கத்துக்கு நகராது. அவசரத்தில் அங்கே முன்னெழுத்தையோ சாதிப் பெயரையோ, வாய்க்கு வந்த ஏதோ ஒன்றையோ நிரப்பிவிடுகிறவர்களை அடிக்கடி பார்க்கிறேன். விமானச் சீட்டில் ஒரு பெயர், கப்பல் சீட்டில் ஒரு பெயர், விசாவில் மற்றொன்று என்று மூன்றும் மூன்று விதமாக நின்றால், துறைமுகக் கவுண்டரில் நின்றுகொண்டு தகப்பனார் பெயரைத்தான் நாங்கள் பின்னால் எழுதுவோம் என்று விளக்கிக்கொண்டிருக்க முடியாது. குடும்பப் பெயர் இல்லாதவர்களுக்கு எந்த முறையில் நிரப்ப வேண்டும் என்று கப்பல் நிறுவனத்திடம் எழுத்தில் கேட்டு, விமானச் சீட்டுக்கும் முரண்படாமல் பார்த்துக்கொள்வதே சரி.

சின்ன பேரனின் பாஸ்போர்ட் அக்டோபரில் காலாவதியாகிறது. ஆறு மாதம் செல்லுபடி இருக்க வேண்டும் என்ற விதி பயண நாளிலிருந்து எண்ணப்படுவது. சிறுவர் பாஸ்போர்ட் 5 ஆண்டுக்குத்தான் என்பதைப் பெற்றோர் மறந்துவிடுகிறார்கள். நாளைக்கே புதுப்பிக்க விண்ணப்பிக்கச் சொன்னேன்.

ஏப்ரல் 28, திங்கள்

அண்ணாச்சியின் மகளும் வருகிறாராம், ஐந்தாம் மாதம். பெரும்பாலான கப்பல் நிறுவனங்கள் 24 வாரக் கர்ப்பத்தை எட்டியவர்களை ஏற்றுவதில்லை. பலரும் புறப்படும் நாளைக் கணக்கிட்டு நிம்மதியடைகிறார்கள். கணக்கிட வேண்டியது பயணம் முடியும் நாளை. மருத்துவச் சீட்டைப் பார்த்ததில், கப்பல் திரும்பும் நாளில் 25 வாரம் ஆகியிருக்கும். அவர் வரவில்லை என்று முடிவாயிற்று. வீட்டில் வருத்தம்தான், ஆனால் பணம் கட்டுவதற்கு முன் தெரிந்தது.

மே 3, சனி

திருச்சியிலிருந்து இரவு விமானத்தில் கிளம்பினால் காலையில் சிங்கப்பூரில் இறங்கி மதியம் கப்பல் ஏறிவிடலாம், ஒரு நாள் ஓட்டல் செலவு மிச்சம் என்று மகன் கணக்குப் போட்டு வந்திருந்தார். விமானம் சரியான நேரத்துக்குப் போனால் இந்தக் கணக்கும் சரிதான். கப்பல் புறப்படுவதற்கு ஒரு மணி நேரத்துக்கும் முன்பே பதிவை மூடிவிடுவார்கள். அதற்குள் வராதவர் வராதவர்தான். விமானம் தாமதம் என்பது கப்பலுக்கு ஒரு காரணமே அன்று, கட்டிய பணமும் திரும்பாது. நம்மவர்கள் கப்பலை, 'இன்னும் ஒரு குடும்பம் வரணும்ணே' என்றால் காத்திருக்கும் சுற்றுலாப் பேருந்து மாதிரி நினைத்துக்கொள்வதிலிருந்துதான் பாதி நட்டம் தொடங்குகிறது. முந்தைய நாளே போய்த் தங்குவதற்கு மகனைச் சம்மதிக்க வைத்தேன்.

விசாவிலும் இப்படி ஒரு நுணுக்கம் உண்டு. விமானத்தில் ஒரு முறை, கப்பலில் திரும்பும்போது மறுமுறை என்று சிங்கப்பூருக்குள் இரண்டு தடவை நுழைகிறோம். ஆகவே பல முறை நுழையும் அனுமதி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும், மின்னணு வருகை அட்டையையும் இரண்டு தடவை நிரப்ப வேண்டும். பார்சிலோனாவில் ஏறி இஸ்தான்புல் போய்த் திரும்புகிறவர்கள் ஒரு முறை மட்டும் செல்லும் ஷெங்கன் விசாவோடு (ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது, துருக்கி அதில் இல்லை) கிளம்பினால் இதே பிரச்சினைதான். மலேசியாவுக்கும் ஒரு மின்னணு அட்டை உண்டு. தாய்லாந்தும் இம்மாதம் 1-ஆம் தேதியிலிருந்து தொடங்கியிருக்கிறது.

மே 9, வெள்ளி

நேற்றுத் திருக்கல்யாணம், மாசி வீதிகளில் கால் வைக்க இடமில்லை, அலுவலகத்தைத் திறக்கவில்லை. இன்று மருத்துவக் காப்பீடு எடுத்தாயிற்று. கப்பல் மருத்துவரிடம் காட்டினால் கட்டணம் டாலரில் உடனே கணக்கில் ஏறும். காப்பீட்டுத் தொகையைப் பிறகுதான் கேட்டு வாங்க வேண்டும் என்பதால் ரசீதுகளைத் தொலைக்காமல் வைத்திருக்கச் சொல்லியிருக்கிறேன்.

மே 14, புதன்

நிகழ்ச்சி நிரலை விளக்க அவர்கள் வீட்டுக்கே போயிருந்தேன். பினாங்கில் கப்பல் நிற்கும் ஸ்வெட்டன்ஹாம் துறை ஜார்ஜ் டவுன் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. கரையிறங்கி நடந்தே லிட்டில் இந்தியாவுக்கும் குயின் தெருவிலுள்ள மகா மாரியம்மன் கோயிலுக்கும் போய்விடலாம். அதற்காகக் கப்பலில் ஆளுக்கு இவ்வளவு என்று சுற்றுலாச் சீட்டு வாங்குவது வீண். நடுப்பகலில் நடை சாத்தியிருக்கும் என்பதை மட்டும் நினைவில் வைக்க வேண்டும்.

புக்கெட் கதை வேறு. பதோங் கடற்கரைக்கு வரும் பெரிய கப்பல்கள் கடலிலேயே நங்கூரமிட்டுச் சிறு படகுகளில் ஆட்களைக் கரைக்கு அனுப்புகின்றன; போகவும் வரவும் வரிசையில் நிற்க வேண்டும். அதைவிடப் பெரிய கண்ணி கடிகாரத்தில் இருக்கிறது. தாய்லாந்து நேரம் சிங்கப்பூர் நேரத்துக்கு ஒரு மணி நேரம் பின்தங்கியது. கப்பல் சிங்கப்பூர் நேரத்திலேயே ஓடிக்கொண்டிருக்க, கைபேசி மட்டும் கரைக் கோபுரத்தைப் பிடித்துத் தானாகவே தாய்லாந்து நேரத்துக்கு மாறிவிடும். கடைசிப் படகு மாலை 5 மணி என்று அறிவித்திருந்தால், கைபேசியில் அது 4 மணி. 'மணி நாலேகால்தானே, இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கிறது' என்று இளநீர் குடித்துக்கொண்டிருப்பவருக்குப் படகு போய்க் கால் மணி நேரம் ஆகியிருக்கும். அதன் பிறகு கப்பலை அடுத்த துறைமுகத்தில் பிடிப்பது அவரவர் செலவு. கப்பலே நடத்தும் சுற்றுலாவில் போனவர்கள் தாமதமானால் பொறுப்பு நிறுவனத்துடையது. புக்கெட்டில் தொலைவாகப் போவதானால் அதற்காகவே அந்தச் சீட்டை வாங்கலாம்.

இதைக் கேட்டதும் அண்ணாச்சி எழுந்துபோய், சாவி கொடுக்கும் பழைய எச்.எம்.டி. கைக்கடிகாரத்தை எடுத்து வந்தார். கப்பல் ஏறியதும் அதைக் கப்பல் நேரத்துக்குத் திருப்பிவைத்துவிட்டு, திரும்பும்வரை தொடக் கூடாது என்று பேசிக்கொண்டோம்.

மே 22, வியாழன்

அண்ணாச்சி வீட்டம்மா பெட்டியைத் திறந்து காட்டச் சம்மதித்தார். மேலாகப் புளிக்காய்ச்சல் டப்பா, அதற்குக் கீழே மின்சாரக் கெட்டில், இஸ்திரிப் பெட்டி, நான்கு பிளக் போடும் எக்ஸ்டென்ஷன் பெட்டி. சூடேறும் இந்தச் சாமான்களை, தீப்பிடிக்கும் அபாயம் கருதிக் கப்பலில் அனுமதிப்பதில்லை. எக்ஸ்ரேயில் கண்டதும் எடுத்துவைத்துக்கொண்டு கடைசி நாளில்தான் தருவார்கள். வீட்டில் சமைத்ததையும் ஏற்க மாட்டார்கள். சைவச் சாப்பாடு வேண்டுமென்று முன்பதிவிலேயே குறிப்பிட்டிருப்பதைச் சொல்லியும் அம்மாவுக்கு நம்பிக்கை வரவில்லை. வெற்றிலைப் பெட்டியில் ஒரு பொட்டலம் புகையிலை இருந்தது. மெல்லும் புகையிலை சிங்கப்பூரில் தடை செய்யப்பட்ட பொருள் என்றதும் அண்ணாச்சி மனைவியைப் பார்த்தார், அம்மா கூரையைப் பார்த்தார்.

பெரிய பெட்டிகளைத் துறைமுகத்திலேயே வாங்கிக்கொள்வார்கள்; அறைக்கு வந்து சேர மாலையாகிவிடலாம். பாஸ்போர்ட், சர்க்கரை மாத்திரை, வாந்தி மாத்திரை, ஒரு மாற்றுடை எல்லாம் கைப்பையில் இருக்க வேண்டும். வாந்தி மாத்திரையை ஆட்டம் தொடங்கிய பிறகு போட்டுப் பயனில்லை, அதற்கு முன்பே போட வேண்டும். கைபேசியைக் கப்பல் நகர்ந்ததும் விமான முறைக்கு மாற்றிவிட வேண்டும். இல்லையென்றால் செயற்கைக்கோள் வழியாகக் கப்பலின் வலையமைப்பில் ஒட்டிக்கொண்டு, ஊருக்குத் திரும்பிய பின் பில்லாக வந்து நிற்கும். கப்பலில் ஆகும் செலவுக் கணக்குக்கு டெபிட் கார்டு கொடுக்க வேண்டாம், அவர்கள் முன்பிணையாக நிறுத்திவைக்கும் தொகை நம் சொந்தப் பணம்.

பேரப்பிள்ளைகளிடம் பாதுகாப்புப் பயிற்சியைப் பற்றிக் கண்டிப்பாகச் சொன்னேன். ஏழு குறுகிய ஒலிகளும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் சாப்பாட்டுத் தட்டை வைத்துவிட்டு, குறித்த இடத்துக்குப் போக வேண்டும். 2012 ஜனவரி 13 அன்று இத்தாலிக் கரையருகே பாறையில் மோதிச் சாய்ந்த கோஸ்டா கான்கார்டியாவில் 32 பேர் இறந்தார்கள். அன்று மாலை ஏறிய பயணிகளுக்குப் பயிற்சி அதுவரை நடக்கவே இல்லை. 24 மணி நேரத்துக்குள் நடத்தினால் போதும் என்பது அப்போதைய விதி. அதற்குப் பின்புதான் கப்பல் புறப்படுவதற்கு முன்போ புறப்பட்ட உடனேயோ நடத்த வேண்டும் என்று 2015 முதல் கட்டாயமாக்கினார்கள். அந்த நேரத்தில் நீச்சல் குளத்துக்கு நழுவுகிறவர்கள் எல்லாக் கப்பலிலும் இருக்கிறார்கள்.

மே 30, வெள்ளி

குடும்பம் நேற்றுத் திரும்பியது. ஒருவருக்கும் படகு தவறவில்லை. மருமகளின் கைபேசியைத் தவிர வேறெதிலும் கூடுதல் பில் இல்லை. அது பையன் விளையாட்டுக்காக முறையை மாற்றியதால் வந்தது. புளிக்காய்ச்சலை அம்மா எப்படியோ கொண்டுபோய், துறைமுகச் சோதனையில் பறிகொடுத்திருக்கிறார்.

பயணத் தொகையோடு சேர்த்து அரசுக்காக நாங்கள் வசூலித்த டிசிஎஸ் என்ற முன்வரியை வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம் என்பதை அண்ணாச்சியின் ஆடிட்டருக்கும் சொல்லியாயிற்று. சான்றிதழ் வந்ததும் காப்பீட்டு ரசீதுகளோடு சேர்த்துக் கடைக்கு அனுப்ப வேண்டும். அடுத்து ஐரோப்பாக் கப்பலுக்கு என்ன செலவாகும் என்று மகன் கேட்டிருக்கிறார்; பாஸ்போர்ட் நகல்களை முதலில் அனுப்பச் சொல்லியிருக்கிறேன்.