சட்டையைத் தூக்கி ஒரு நிமிடம்: குழந்தைகளுக்கு வரும் கொரோனா, 2021 நாட்குறிப்பு

மே 14, வெள்ளி

வீட்டில் பெரியவர்களுக்குக் கொரோனா என்றதும் பிள்ளையிடமும் அதே அடையாளங்களைத் தேடுகிறார்கள். குழந்தைகளுக்குப் பெரும்பாலும் இரண்டு மூன்று நாள் காய்ச்சல், மூக்கொழுகல், இருமலோடு போய்விடுகிறது. சிலருக்கு ஒன்றுமே தெரியாது. சிலருக்கு வாந்தியும் வயிற்றுப்போக்கும் மட்டும் வரும். "சாப்பிட்டது ஒத்துக்கலை" என்று அதைத் தள்ளிவிட வேண்டாம். வாசனை போனதை மூன்று வயதுப் பிள்ளைக்குச் சொல்லத் தெரியாது. நேற்று வரை விரும்பித் தின்ற பருப்புசாதத்தைத் துப்பும், அவ்வளவுதான்.

கைக்குழந்தை கதை வேறு. மூன்று மாதம் ஆகாத குழந்தைக்கு 100.4 டிகிரி காய்ச்சல் என்றாலே அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். காய்ச்சலே இல்லாமல் பால் குடிக்க மறுப்பது, எழுப்பினாலும் துவண்டு கிடப்பது, ஆறு எட்டு மணி நேரம் மூத்திரம் போகாமல் இருப்பது ஆகியவையும் அதே அளவு அவசரம்தான். தாய்க்குத் தொற்று இருந்தாலும் தாய்ப்பாலை நிறுத்த வேண்டாம். கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, முகக்கவசம் போட்டுக்கொண்டு கொடுக்கலாம்.

மே 17, திங்கள்

மூச்சை எண்ணும் முறை. பிள்ளை தூங்கும்போதோ மடியில் அமைதியாக இருக்கும்போதோ சட்டையைத் தூக்கி வயிற்றைப் பாருங்கள். ஏறி இறங்கினால் ஒன்று. முழுசாக 60 விநாடி எண்ணுங்கள். 15 விநாடி எண்ணி நாலால் பெருக்கினால் தப்பாகும், ஏனென்றால் கைக்குழந்தை சில விநாடி நிறுத்தி, பிறகு வேகவேகமாக விடும். அழும்போதும் காய்ச்சல் கொதிக்கும்போதும் எண்ணிக்கை கூடும், அதனால் அடங்கிய பிறகு மறுபடி எண்ணுங்கள்.

இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இதைத் தொட்டாலோ தாண்டினாலோ மூச்சு வேகம் அதிகம் என்று அர்த்தம்.

எண்ணிக்கையை விடப் பெரிய அடையாளம் ஒன்று உண்டு. மூச்சை இழுக்கும்போது விலா முடிகிற இடத்தில் பள்ளம் விழுகிறதா என்று பாருங்கள். வயிறு மேலெழுவது குழந்தைக்கு இயல்பு, நெஞ்சின் அடிப்பகுதி உள்ளே போவது இயல்பே இல்லை. மூக்குத் துவாரம் விடைப்பதும், ஒவ்வொரு மூச்சுக்கும் முனகுவதும் இதோடு சேர்ந்தவை. நம் மாநிறத்தில் நீலம் பாய்வது உதட்டின் வெளிப்பக்கம் சரியாகத் தெரியாது. நாக்கையும் ஈறையும் பாருங்கள். இவற்றில் ஒன்று இருந்தாலும் 108-ஐ அழையுங்கள்.

மே 21, வெள்ளி

இன்று தமிழ்நாட்டில் ஒரே நாளில் 36 ஆயிரத்துக்கு மேல் தொற்று. வீட்டில் யாருக்காவது உறுதியாகியிருந்தால் அந்தத் தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வையுங்கள். அடுத்த மாதம் அது தேவைப்படும்.

இன்றைக்குச் சொல்ல வேண்டியது பாராசிட்டமால் பற்றி. கடையில் மூன்று வகை கிடைக்கிறது. சொட்டு மருந்தில் 1 மில்லிக்கு 100 மி.கி. சிரப்பில் 5 மில்லிக்கு 120 மி.கி. ஒன்று, 250 மி.கி. இன்னொன்று. ஒரு வேளைக்குக் கிலோவுக்கு 10 முதல் 15 மி.கி. வரை. 10 கிலோ பிள்ளைக்கு அதிகபட்சம் 150 மி.கி.: சொட்டில் 1.5 மில்லி, 120 சிரப்பில் 6 மில்லி, 250 சிரப்பில் 3 மில்லி. சிரப் தீர்ந்ததென்று சொட்டு மருந்தை வாங்கி வந்து, பழைய கணக்கிலேயே 6 மில்லி ஊற்றினால் 600 மி.கி. உள்ளே போகும். நாலு மடங்கு! வேளைக்கு வேளை இப்படியே ஊற்றினால் கல்லீரல் கெட்டுவிடும். லேபிளைப் படித்துவிட்டு, வீட்டுக் கரண்டியை விட்டு, மருந்தோடு வரும் அளவு மூடியிலோ சிரிஞ்சிலோ கொடுங்கள். ஆறு மணி நேர இடைவெளியில் ஒரு நாளைக்கு நாலு வேளை போதும். ஆஸ்பிரினை நீங்களாகக் கொடுக்கவே கூடாது.

சின்னப் பிள்ளைகளுக்கு ஆவி பிடிக்காதீர்கள். கொதிநீர்ப் பாத்திரம் கவிழ்ந்தால் நோயை விடப் பெரிய துன்பம்.

மே 25, செவ்வாய்

ஆக்சிமீட்டர்: பெரியவர்களுக்கான கிளிப் கைக்குழந்தையின் விரலில் நிற்காது, காட்டும் எண்ணும் நம்பக்கூடியதல்ல. பெரிய பிள்ளை என்றால் மருதாணியோ நகப்பூச்சோ இல்லாத விரலில், கையைத் தேய்த்துச் சூடாக்கி மாட்டி, எண் ஒரே இடத்தில் நிற்கும் வரை பாருங்கள். 94-க்குக் கீழே என்றால் கிளம்புங்கள். எண் நன்றாக இருந்து நெஞ்சில் பள்ளம் விழுந்தால் பள்ளத்தைத்தான் நம்ப வேண்டும்.

ஜூன் 4, வெள்ளி

காலண்டரை எடுங்கள். வட்டம் போட்ட தேதியிலிருந்து இரண்டாவது வாரம் முதல் ஆறாவது வாரம் வரை கவனம் தேவை. தொற்று போன பிறகு உடம்பின் எதிர்ப்புச் சக்தியே பல உறுப்புகளில் அழற்சியைக் கிளப்பும் நோய் சில குழந்தைகளுக்கு வருகிறது. மிஸ்-சி என்கிறார்கள். 2020 ஏப்ரலில் பிரிட்டனில் முதலில் கவனத்துக்கு வந்தது. முன்பு ஒரு தும்மல்கூட இல்லாத பிள்ளைக்கும் வரும்.

மூன்று நாளாக விடாத காய்ச்சல், பூளை கட்டாமல் இரண்டு கண்ணும் சிவப்பது, உதடு சிவந்து வெடிப்பது, தடிப்பு, கைகால் வீக்கம். வயிற்றுவலி சிலருக்குக் குடல்வால் அழற்சியோ என்று நினைக்கிற அளவுக்கு இருக்கும். நம் ஊரில் டெங்கு, டைபாய்டு, உண்ணிக்காய்ச்சல் எல்லாம் இதே வேஷத்தில் வருவதால் அவற்றையும் பார்த்தாக வேண்டும். பிசிஆர் பெரும்பாலும் நெகட்டிவ் என்றே வரும். அதை வைத்துக் "கொரோனா இல்லை" என்று திரும்பிவிடாதீர்கள். முன்பு தொற்று வந்ததா என்பதை ஆன்டிபாடி பரிசோதனை காட்டும், இதயத்துக்கு எக்கோ ஸ்கேன் எடுப்பார்கள்.

கைகால் ஜில்லிட்டிருந்தால் நெஞ்சில் விரலால் 5 விநாடி அழுத்தி எடுங்கள். வெளுத்த இடம் 3 விநாடியிலும் பழைய நிறத்துக்குத் திரும்பாவிட்டால் ரத்த ஓட்டம் குறைகிறது. உடனே போங்கள்.

ஜூன் 10, வியாழன்

குழந்தைகளுக்கான மத்திய அரசின் வழிகாட்டுதல் வந்திருக்கிறது. ரெம்டெசிவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து வேண்டாம், லேசான நோய்க்கு ஸ்டீராய்டு கூடாது, ஐந்து வயது வரை முகக்கவசம் தேவையில்லை என்கிறது. பெரியவர்களுக்கு எழுதிய சீட்டில் மிச்சமிருக்கும் மாத்திரையை உடைத்துக் கொடுக்கிற வீடுகள் இதைக் கட்டாயம் படிக்க வேண்டும்.

ஜூலை 2, வெள்ளி

மிஸ்-சி குணமாகி வீடு திரும்பும் பிள்ளைகளுக்கு. மருத்துவமனையில் இம்யூனோகுளோபுலின் (ரத்தக் குழாய் வழியாக ஏற்றும் ஆன்டிபாடி மருந்து) ஏற்றியிருந்தால் தட்டம்மைத் தடுப்பூசியைச் சுமார் 11 மாதம் தள்ளிப் போட வேண்டும், இல்லாவிட்டால் அது சரியாகப் பிடிக்காது. ஏற்றிய தேதியைத் தடுப்பூசி அட்டையில் எழுதி வாங்குங்கள். இரண்டு வாரத்திலும், நாலிலிருந்து ஆறு வாரத்துக்குள்ளும் எக்கோவுக்கு வரச் சொல்வார்கள். பிள்ளை ஓடி ஆடினாலும் போக வேண்டும். குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதியிருந்தால் அது மருத்துவர் கணக்குப் பார்த்துக் கொடுத்தது. மே 21-ல் சொன்னதை நினைத்து நிறுத்திவிடாதீர்கள்.