கரண்ட் வைத்த இடுப்பில் விரிசல்

அம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்குக் கரண்ட், அதாவது கதிர்வீச்சு சிகிச்சை, வைத்து முடித்து ஒரு வருஷம் ஆகியிருக்கும். இடுப்பின் பின்பக்கம் வலி ஆரம்பித்தது. "காலை ஊன்றினா உள்ளே குத்துதுடி" என்பார். கட்டிலில் புரள்வதற்கே என் கையைப் பிடித்துக்கொள்வார். கீழே விழவும் இல்லை, கனமாக எதையும் தூக்கவும் இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் தெரியாததால் வயசு வலி என்று மாத்திரை கொடுத்து அனுப்பிவிட்டார்கள். நோய் திரும்பிவிட்டதோ என்று எங்களுக்குள் ஒரே பயம்.

எம்ஆர்ஐ எடுத்த பிறகுதான் விஷயம் பிடிபட்டது. முதுகெலும்பு முடிகிற இடத்து முக்கோண எலும்பில் இரண்டு பக்கமும் மெல்லிய விரிசல். புற்று பரவலா என்று பார்க்கவும் என்றொரு வரியும் ரிப்போர்ட்டில் இருந்தது. கதிர்வீச்சு டாக்டர் படத்தைத் திரையில் போட்டுக் காட்டினார்: கரண்ட் பட்ட எல்லைக்குள்தான் விரிசல், கட்டி எதுவும் இல்லை. கதிர்வீச்சு எலும்பை வளர்க்கும் செல்களையும் நுண்ணிய ரத்தக் குழாய்களையும் பாதிக்குமாம். மாதவிடாய் நின்று ஏற்கெனவே மெலிந்த எலும்பு, நடக்கிற பாரத்துக்கே விரிந்துவிடும்.

ஆபரேஷன் தேவைப்படவில்லை. வாக்கர் பிடித்து, வலி பொறுக்கிற அளவு நடக்கச் சொன்னார்கள். படுத்தே கிடந்தால் எலும்பு இன்னும் மெலியும், காலில் ரத்தம் உறையும். கால்சியம், வாரம் ஒரு தடவை வைட்டமின் டி 60,000 யூனிட், அப்புறம் எலும்பு அடர்த்தி பார்க்க டெக்ஸா ஸ்கேன்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். எலும்பு டாக்டர் ஒருவர், எலும்பை வளர்க்கத் தினமும் போடும் டெரிபாரடைடு ஊசியை எழுதிக் கொடுத்தார். மருந்து வாங்கும் முன் சீட்டைக் கதிர்வீச்சு டாக்டரிடம் காட்டினோம். கரண்ட் பட்ட எலும்புக்கு அது வேண்டாம், எலும்பிலேயே புற்று வரலாம் என்ற எச்சரிக்கை இருக்கிறது என்று உடனே நிறுத்திவிட்டார். பதிலுக்கு, எலும்பு கரைவதைக் குறைக்கும் ஜோலெட்ரானிக் ஆசிட் டிரிப், வருஷம் ஒரு தடவை. அதற்கு முன் சிறுநீரகப் பரிசோதனையும் பல் டாக்டரும். ஆடிக்கொண்டிருந்த கடைவாய்ப் பல்லைப் பிடுங்கி, புண் ஆறிய பிறகே டிரிப் போட்டார்கள். மருந்து ஏறியபின் பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகலாம். அன்று ராத்திரி காய்ச்சலும் உடம்பு வலியும் வந்து பாராசிட்டமாலில் அடங்கின.

வலி குறைய மாதங்கள் ஆயின. இப்போது அம்மா வாக்கர் இல்லாமல் நடக்கிறார், தரையில் மட்டும் உட்காருவதில்லை. எந்த டாக்டரிடம் போனாலும், எந்த இடத்தில் எத்தனை கிரே (கதிர்வீச்சின் அளவு) கொடுத்தார்கள் என்று எழுதிய தாளின் ஜெராக்ஸைத்தான் முதலில் நீட்டுகிறோம்.