வலக்கை நாட்குறிப்பு: நைலான் தந்தி, நான்கு விரல்

ஜனவரி 6, 2025

கிளாசிக்கல் கிட்டாருக்கு வலக்கையைப் பழக்கும் குறிப்பு இது. இன்று தந்தியைத் தொடவில்லை. உட்காரும் விதம் மட்டும். இடது காலடியில் 12 முதல் 15 செ.மீ. உயர ஃபுட்ஸ்டூல், கிட்டாரின் இடுப்பு வளைவு இடது தொடையில், தலைப்பகுதி ஏறக்குறைய கண் உயரத்தில். வலது முன்கை, முழங்கைக்குச் சற்றுக் கீழே, பெட்டியின் விளிம்பில் சும்மா கிடக்க வேண்டும். அழுத்தினால் தோள் மேலே ஏறும். தோள் ஏறினால் விரல் இறுகும்.

கையைத் தொங்கவிட்டு அப்படியே தந்திக்குக் கொண்டுவந்தால் என்ன வளைவு இருக்கிறதோ அதுவே சரியான வளைவு. மணிக்கட்டைப் பக்கவாட்டில் ஒடிக்கக் கூடாது. மணிக்கட்டு பெட்டியில் படுத்துவிட்டால் விரல் மேல்நோக்கிக் கொக்கி போட்டு இழுக்கும். தந்தி ஃப்ரெட்டில் (கழுத்துப் பலகையின் குறுக்குக் கம்பியில்) அடித்துச் சடசடக்கும்.

ஜனவரி 8

விரல்களின் பெயர்கள் ஸ்பானிய மொழியின் முதலெழுத்துகள்: பெருவிரல் பி, ஆள்காட்டி ஐ, நடுவிரல் எம், மோதிரவிரல் ஏ. தரைப் பக்கம் உள்ள, சுருதி உயர்ந்த தந்தி ஒன்று; மேலே உள்ள மந்திரத் தந்தி ஆறு. பி ஐந்தாம் தந்தியில், ஐ மூன்றில், எம் இரண்டில், ஏ ஒன்றில். நான்கையும் வைத்துவிட்டு ஒரு மூச்சு காத்திருக்க வேண்டும். மீட்டுவதற்கு முன்பே இப்படி விரலை ஊன்றுவதற்குப் பெயர் பிளான்டிங். வலக்கைப் பாடம் முழுவதும் இதைச் சுற்றித்தான் ஓடுகிறது என்பது எங்கள் கணிப்பு.

அடுத்து, ஐ மட்டும்: தந்தியைப் பெட்டிப் பலகையை நோக்கிச் சற்று அமுக்கி, பிறகு உள்ளங்கைப் பக்கம் விடுவது. பலகைக்குச் செங்குத்தாக அதிரும் தந்தி கனமாகப் பேசும். பலகைக்கு இணையாக அதிரும் தந்தி மெலிந்து ஒலிக்கும். அசைவு அடிக்கணுவிலிருந்து (விரல் உள்ளங்கையோடு சேரும் மூட்டிலிருந்து) வர வேண்டும். நடுக்கணுவை மட்டும் மடக்கிச் சுண்டுவதுதான் எல்லாரும் முதலில் செய்யும் தப்பு.

மேலிருந்து பார்த்தால் பெருவிரல் ஆள்காட்டியைவிட ஃப்ரெட் பலகைப் பக்கம் தள்ளி நிற்க வேண்டும். உள்ளங்கைக்குள் போய்விட்டால் இரண்டும் மோதிக்கொள்ளும்.

ஜனவரி 13

நகம். இதில் அவசரப்பட்டால் மூன்று வாரம் வீண்.

பாரிஸில் வாழ்ந்த இரண்டு ஸ்பானிய கிட்டார் கலைஞர்கள், சோர் (1778–1839), அகுவாதோ (1784–1849). சோர் நகமில்லாமல் சதையால் வாசித்தார், அகுவாதோ நகத்தால். ஆனாலும் நண்பர்கள், இருவரும் சேர்ந்து வாசிக்க சோர் எழுதிய இரட்டையர் இசைக்கு ‘இரண்டு நண்பர்கள்’ என்றே பெயர். இன்று பெரும்பாலோர் நடுவழி: சதையும் நகமும் ஒரே நேரத்தில் தந்தியைத் தொட வேண்டும்.

உள்ளங்கைப் பக்கமிருந்து பார்க்கும்போது சதைக்கு மேல் 1 முதல் 2 மி.மீ. நகம் தெரிந்தால் போதும். தந்தி நகத்தின் பெருவிரல் பக்க ஓரத்தில் ஏறி, விளிம்பு வழியே வழுக்கி, நுனி தாண்டி விடுபடும். எனவே அந்த விளிம்பு ஒரு சாய்தளம். ராவும்போது அரத்தைத் தந்தி இருக்கும் கோணத்திலேயே நகத்துக்கு அடியில் பிடித்தால் சாய்வு தானாக அமையும். அரம் வடிவத்துக்கு மட்டும். பிறகு ஹார்டுவேர் கடையில் கிடைக்கும் 1000ஆம் நம்பர் வாட்டர் பேப்பர், கடைசியில் 2000. விளிம்பின் அடிப்பக்கத்தையும் தேய்க்க வேண்டும், தந்தி உரசுவது அங்கேதான். கண்ணுக்குத் தெரியாத ஒரு பிசிறு போதும், முதல் தந்தி கரகரக்கும்.

ஒலிக்கு முன் ‘டிக்’ என்று கேட்டால், சதை தொட்டபின் நகம் தனியாக வந்து மோதுகிறது. நகம் நீளம், அல்லது விரல் தந்தியில் உட்காராமல் தூரத்திலிருந்து பாய்கிறது.

ஜனவரி 14

பாத்திரம் கழுவிய கையோடு வாசிக்க வேண்டாம். தண்ணீரில் ஊறிய நகம் மடங்கும், கிழியும். கிழிந்தால் பிங்பாங் பந்தில் ஒரு துண்டு வெட்டி சூப்பர் க்ளூவால் நகத்தில் ஒட்டி ராவிக்கொள்வது பழைய வைத்தியம்.

ஜனவரி 20

இரண்டு வகை மீட்டல். மீட்டிய விரல் அடுத்த தந்தியில் சாய்ந்து நின்றால் ரெஸ்ட் ஸ்ட்ரோக், எதையும் தொடாமல் உள்ளங்கைப் பக்கம் போனால் ஃப்ரீ ஸ்ட்ரோக். ஸ்பானியத்தில் அப்போயாந்தோ, திராந்தோ. மெட்டை எடுத்துக்காட்ட முதல் வகை. பக்கத்துத் தந்தி ஒலித்துக்கொண்டே இருக்க வேண்டிய இடத்தில் இரண்டாவது.

இரண்டிலும் ஒலி ஒரே தடிமனாக இருக்க வேண்டும் என்பதே இலக்கு. ஃப்ரீ ஸ்ட்ரோக் மெலிந்தால், விரல் தந்தியை அமுக்காமல் வெளியே பிடுங்குகிறது.

ஜனவரி 27

ஐ-எம் மாற்றி மாற்றி, முதல் தந்தியில், மெட்ரோனோம் (தாளம் தட்டும் கருவி) நிமிடத்துக்கு 60, தட்டுக்கு இரண்டு ஸ்வரம். ஐ மீட்டும் அதே கணத்தில் எம் வெளியே வர வேண்டும், நடக்கும்போது கால் மாறுவதுபோல. இரண்டும் சேர்ந்து உள்ளே மடங்கினால் வேகம் ஒருநாளும் வராது.

தந்தி மாறும் இடம் கொஞ்சம் சிக்கல். இரண்டாம் தந்தியில் ஐ, அடுத்து முதல் தந்தியில் எம் என்றால் கை இயல்பாக இருக்கும். இரண்டில் எம், ஒன்றில் ஐ என்றால் விரல்கள் குறுக்கே தாண்ட வேண்டும். தாளில் அந்த இடங்களை முன்கூட்டியே வட்டமிட்டுத் தனியே நூறு முறை. ‘எப்படியோ வந்துவிடும்’ என்று ஒரே விரலை இரண்டு தடவை இழுப்பவர்கள் வேகத்தில் கண்டிப்பாக மாட்டுவார்கள்.

பிப்ரவரி 3

ஆர்பெஜியோ: கார்டின், அதாவது சேர்ந்து ஒலிக்கும் ஸ்வரக் கூட்டின், ஸ்வரங்களை ஒவ்வொன்றாக மீட்டுவது. இத்தாலிய கிட்டார் கலைஞர் ஜூலியானி தன் ஓபஸ் 1இல் (முதல் எண்ணிட்ட படைப்பில்) வலக்கைக்கென்றே 120 பயிற்சிகள் கொடுத்திருக்கிறார் (வியன்னா, 1812). இடக்கைக்கு சி மேஜர், ஜி7 என இரண்டே கார்டு; கவனம் வேறெங்கும் போகக் கூடாது என்ற தந்திரம்.

பி-ஐ-எம்-ஏ ஏறுவரிசையில் பி மீட்டும்போதே மற்ற மூன்றையும் ஒன்றாக ஊன்றலாம். பி-ஏ-எம்-ஐ இறங்குவரிசையில் அப்படி முடியாது; பி மீட்டும்போது ஏ ஊன்றும், ஏ மீட்டும்போது எம், எம் மீட்டும்போது ஐ. பி-ஐ-எம்-ஏ-எம்-ஐ என்றால் ஏறும் பாதி முதல் முறையில், இறங்கும் பாதி இரண்டாம் முறையில்.

இதற்கு ஒரு விலை உண்டு. ஊன்றிய விரல் அந்தத் தந்தியின் ஒலியை அணைத்துவிடும். கற்கும்போது சீக்கிரம் ஊன்றி அந்த வெட்டைக் கேட்டுப் பழக வேண்டும். கச்சேரியில் கடைசிக் கணத்தில் ஊன்றினால் போதும்.

பிப்ரவரி 6

பெருவிரல் அணைக்கவும் வேண்டும். ஐந்தாம் திறந்த தந்திக்குப்பின் ஆறாவதுக்குப் போனால் ஐந்து ஒலித்துக்கொண்டே இருந்து கார்டைக் குழப்பும். ஆறை மீட்டிய பெருவிரலை ரெஸ்ட் ஸ்ட்ரோக்காக ஐந்தில் சாய்த்தால் வேலை முடிந்தது. எதிர்த்திசைக்கு அந்தச் சலுகை இல்லை: ஐந்தை மீட்டியபின் பெருவிரல் திரும்பி வந்து ஆறைத் தொட வேண்டும்.

பிப்ரவரி 14

சுண்டுவிரல் விறைத்து நீட்டிக்கொண்டு நின்றால் மோதிரவிரலும் இறுகும். ஆள்காட்டிக்கும் சுண்டுவிரலுக்கும் நீட்டுவதற்குத் தனித் தசை உண்டு, நடுவிரலுக்கும் மோதிரவிரலுக்கும் இல்லை. அவற்றின் தசைநாண்கள் புறங்கையில் ஒன்றோடொன்று கட்டுப்பட்டவை. அதனால் ஏ-எம் மாற்றுப் பயிற்சி எப்போதும் ஐ-எம்மைவிட மெதுவாகவே வரும். சுண்டுவிரலை மோதிரவிரலோடு சேர்ந்து ஓடவிடுங்கள். வீணையில் தாளத் தந்திக்குச் சுண்டுவிரலைப் பழக்கியவர்களுக்கு இங்கே அது சும்மா துணைக்குப் போவது முதலில் வேடிக்கையாக இருக்கும்.

முன்கையில் வலி எடுத்தால் அன்றைக்கு நிறுத்த வேண்டும். பொறுத்துக்கொண்டு வாசிப்பது வீரமல்ல.

பிப்ரவரி 24

ட்ரெமலோ, ஒரே ஸ்வரத்தை விரைந்து திரும்பத் திரும்ப மீட்டுவது: பி-ஏ-எம்-ஐ, பெருவிரல் தவிர மூன்று விரலும் ஒரே தந்தியில். ஸ்பானிய கிட்டார் கலைஞர் தார்ரேகா எழுதிய ‘அல்ஹாம்ப்ரா நினைவுகள்’ இதன் உச்சம். ஸ்பெயினின் ஃப்ளமெங்கோ இசையில் இதற்கு ஐந்து அடி: பி-ஐ-ஏ-எம்-ஐ.

எல்லாருக்கும் வரும் நோய் குதிரை ஓட்டம்: மூன்று ஸ்வரம் ஒட்டிக்கொண்டு, பெருவிரலுக்கு முன்னோ பின்னோ ஓர் இடைவெளி. மருந்து, மெட்ரோனோம் 50இல் தட்டுக்கு நான்கு ஸ்வரம். ஒவ்வொரு ஸ்வரத்தையும் அடுத்த விரல் உடனே ஊன்றி நறுக்க வேண்டும். பாலத்தருகே (தந்திகளைப் பெட்டியில் கட்டும் கட்டை) தந்திகளுக்கு அடியில் கைக்குட்டையைச் செருகினால் ரீங்காரம் போய், கோணல் பட்டவர்த்தனமாகக் கேட்கும். பிறகு அழுத்தத்தை ஒரு நாள் ஏ மேல், ஒரு நாள் எம் மேல், ஒரு நாள் ஐ மேல் போட்டு வாசிப்பது. கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி 100 தொட்டபோதும் அதே நறுக்கு கேட்க வேண்டும்.

மார்ச் 3

முதல் தந்தியில் சீரானது இரண்டாம் தந்தியில் மறுபடி சிதறும். காரணம், விரல் திரும்பி வரும் வழியில் முதல் தந்தி நிற்கிறது. நகம் அதில் இடறும். வேகத்தை 60க்கு இறக்கி, விரல் வெளியே வரும் தூரத்தைப் பாதியாக்க வேண்டும். முதல் தந்தி தப்பித்தவறி ஒலித்தால் கேட்கும்படி அதை மட்டும் கைக்குட்டைக்கு வெளியே விட்டுவிட்டோம்.