பிளான்டயரில் ஒரு பள்ளிப் பருவம்

ஆப்பிரிக்க நாடான மலாவியின் பிளான்டயர் நகருக்குத் தன்னார்வ ஆசிரியராகக் கணக்குச் சொல்லித்தரப் போனேன். 2023 ஜனவரியில் திறக்க வேண்டிய பள்ளிகளைக் காலராவால் அரசு இரண்டு வாரம் தள்ளிவைத்தது. சரி, பொறுத்தோம். பிள்ளைகளுக்குப் பின்னம் பிடிபட ஆரம்பித்த நேரத்தில், மார்ச்சில் ஃப்ரெடி புயல். மலைச்சரிவு வீடுகள் மண்ணோடு போயின. எங்கள் வகுப்பறை, வீடு இழந்தவர்கள் தங்கும் முகாமாக மாறியது. பெஞ்சுகளை வெளியே அடுக்கிவிட்டுப் பாய் விரித்தோம். கரும்பலகையில் என் கணக்குகளுக்கு மேலேயே, வந்து சேர்ந்த குடும்பங்களின் பெயர்களை எழுதினார்கள். அப்புறம் பாடமெல்லாம் மாமரத்தடியில்தான்.

வீடு இழந்த உள்ளூர் ஆசிரியைகள் மறுநாளே வந்து நின்றார்கள். என்னைப் பாராட்டுகிறவர்கள் முதலில் அவர்களைப் பாராட்டுங்கள். அங்கே போகிறவர்கள் அந்த ஊர் மக்கள் பேசும் சிசெவா மொழி கொஞ்சமாவது கற்றுக்கொண்டு போங்கள். சின்னப் பிள்ளைகளிடம் ஆங்கிலம் மட்டும் போதாது.